ஃபார்வர்டா, பேக்கா? கால்பந்துக் கேள்விகளுக்குப் பதில்

கே: என் பையன் நன்றாக கோல் அடிப்பான். புதுக் கோச் அவனை டிஃபென்சிவ் மிட்ஃபீல்டில் நிறுத்திவிட்டார். ஓரங்கட்டுகிறாரோ? (தங்கச்சிமடம்)

ப: அப்படி நினைக்காதீர்கள். தான் நம்பாத பையனை எந்தக் கோச்சும் அந்த இடத்தில் விடமாட்டார். எதிரணி ஃபார்வர்டுக்குப் போகும் பாஸை வழியிலேயே வெட்டுவதும், நம் லெஃப்ட் பேக் (இடப்பக்கம் தடுத்து ஆடுபவர்) ஏறிப்போனால் அந்தக் காலி இடத்தை அடைப்பதும் அவன் வேலை. கோல் கணக்கில் பேர் வராது. ஆள் போன பிறகுதான் அருமை தெரியும். 2003-இல் ரியல் மாட்ரிட், இந்த இடத்தில் ஆடிய கிளாட் மகலேலேயை செல்சிக்கு விட்டுக்கொடுத்தது. அடுத்த மூன்று சீசனும் மாட்ரிட்டுக்கு ஸ்பெயின் லீக் பட்டம் இல்லை. செல்சியோ 2005, 2006 இரண்டு வருடமும் இங்கிலாந்தில் ஜெயித்தது. எல்லாம் அவர் ஒருவரால் நடந்ததல்ல. ஆனாலும் இங்கிலாந்தில் அந்த இடத்தையே அவர் பெயரால் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அடுத்த மேட்சில் பந்தை விட்டுவிட்டுப் பையனை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்கிறானா? அப்படியென்றால் கோச் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்.

கே: த்ரோவில் ஆஃப்சைடு உண்டா? (தொண்டி)

ப: கிடையாது. பாஸ் வரும் நேரத்தில் எதிரணிப் பாதியில் பந்தையும் அவர்களின் கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டி கோல் பக்கம் நிற்பதுதான் ஆஃப்சைடு. த்ரோ, கார்னர், கோல் கிக் மூன்றிலும் பந்தை நேராக வாங்கினால் ஆஃப்சைடு இல்லை. ஸ்ட்ரைக்கர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கே: எங்கள் கிரவுண்டு கடலை ஒட்டியது. கச்சான் காற்று வீசும் காலத்தில் கோல்கீப்பர் உதைக்கும் பந்து பாதியிலேயே நின்று விழுகிறது. (பாம்பன்)

ப: உயரத் தூக்கி உதைக்கவே வேண்டாம். ஓரத்தில் விலகி நிற்கும் பேக்குக்குக் கையால் தாழ்வாக உருட்டிக் கொடுக்கட்டும். கையில் வைத்து யோசித்துக்கொண்டும் நிற்கக்கூடாது. 8 வினாடி தாண்டினால் எதிரணிக்குக் கார்னர், 2025-இல் வந்த விதி இது. பேக் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்பது 1992 முதலே உண்டு. அதனால் கீப்பருக்கும் பாஸ் பயிற்சி கொடுங்கள். இன்னொன்று: எதிரணிக்குக் காற்று சாதகமான பாதியில் நீளப் பந்து பேக்குகளின் தலையைத் தாண்டி விழும். கீப்பர் நாலு எட்டு முன்னால் நின்றால் ஓடிவந்து உதைத்துத் தள்ளலாம். ரொம்ப முன்னால் வந்தால் காற்றே பந்தை வலையில் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

கே: 6, 8, 10 என்கிறார்களே, சட்டை எண்ணா? (கீழக்கரை)

ப: எண்ணில் தொடங்கியது, இப்போது வேலையைச் சொல்கிறது. 6 பேக்குகளுக்குக் காவல். 8 இந்தப் பாக்ஸுக்கும் (கோலுக்கு முன்னால் உள்ள கட்டம்) அந்தப் பாக்ஸுக்கும் ஓடுபவர். 10 ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று கோலுக்குப் பாஸ் வைப்பவர். எந்தச் சட்டையும் போட்டுக்கொள்ளலாம்.

கே: ஏழு பேர் ஆட்டத்தில் எப்படிப் பிரிப்பது? மணல் தரை. (ஏர்வாடி)

ப: கீப்பர் போக 2-3-1 வையுங்கள்: பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று, முன்னால் ஒருவர். மணலில் முன்னால் ஓடிவிட்டுத் திரும்பி வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். அதனால் இரண்டு விங்கும் (நடுவரிசையில் இரு ஓரத்திலும் ஆடுபவர்கள்) ஒரே நேரத்தில் ஏறவேண்டாம். ஒருவர் போனால் மற்றவர் நடுவில் ஒடுங்கி நிற்கட்டும். வேகமான பையனை விங்கில் விட்டு, பாதி நேரத்தில் மாற்றிவிடுங்கள்.