சின்ன லேத் வாங்கும்போது மெதுவாக ஓட்டிப் பாருங்கள்

கேள்வி: ஸ்டூவர்ட் 10வி மாதிரி ஒரு சின்ன நீராவி இன்ஜினை, வார்ப்புகளை வாங்கி வீட்டிலேயே கடைந்து செய்ய ஆசை. முதல் மாடியில் ஒரு அறை இருக்கிறது; சிங்கிள் பேஸ் லைன்தான். 180 மி.மீ. மினி லேத் போதுமா, பட்டறையில் விலைக்கு வரும் நாலரை அடி நீளப் பழைய லேத்தை எடுக்கலாமா?

பதில்: முதல் மாடி என்றதுமே பாதி முடிவாகிவிட்டது. நாலரை அடி லேத் பல நூறு கிலோ. பெரும்பாலும் த்ரீ பேஸ் மோட்டாரோடுதான் வரும். கீழே ஷெட் இருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். மினி லேத் சுமார் 40 கிலோ, இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். 10வி-யின் சிலிண்டர் துளை 19 மி.மீ., பிஸ்டன் ஓட்டமும் அதே 19 மி.மீ. பிளைவீல் விட்டம் 3 அங்குலம், அதாவது 76 மி.மீ. லேத்தின் அடித்தளமான பெட்டுக்கு மேல் 180 மி.மீ. விட்டம் வரை சுழலும் மெஷினில் இது எங்கும் இடிக்காது.

இடிப்பது வேகத்தில். வார்ப்பிரும்பை ஹைஸ்பீட் ஸ்டீல் டூலால் கடைய நிமிடத்துக்கு 20 மீட்டர் என்று வைத்தால், அந்த பிளைவீலுக்கு 84 ஆர்பிஎம்தான் (நிமிடத்துக்கு 84 சுற்று) வருகிறது. விளம்பரத்தில் 2500 ஆர்பிஎம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது மறுமுனை, குறைந்த வேகம். பேக் கியர் (வேகம் குறைக்கும் பல்சக்கரங்கள்) உள்ள லேத்தில் வேகம் குறையக் குறைய இழுவை கூடும். குமிழைத் திருகி வேகம் குறைக்கும் சாதாரண டிசி மோட்டாரில் வேகத்தோடு பவரும் இறங்கிவிடும். வார்ப்பின் கடினமான மேல்தோலில் டூல் பட்டதும், வார்ப்பைப் பிடித்துச் சுழற்றும் சக் திணறி நிற்கும். அதனால் லோ, ஹை என்று இரண்டு கியர் உள்ளதா பாருங்கள். கையில் காசிருந்தால் பிரஷ்லெஸ் மோட்டார் வைத்த மாடலை எடுங்கள். சக்கைச் சுழற்றும் பகுதியான ஹெட்ஸ்டாக்கில் பிளாஸ்டிக் கியர் இருந்தால் பயந்து ஓட வேண்டாம். டூல் சிக்கினால் அதுதான் முதலில் உடைந்து மற்ற பாகங்களைக் காக்கும். ஒரு செட் உபரியாக வாங்கி வையுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு வார்ப்பிரும்புத் துண்டு கொண்டுபோங்கள். 100 ஆர்பிஎம்மில் வைத்து அரை மி.மீ. வெட்டு கொடுக்கச் சொல்லுங்கள். மோட்டார் திணறிச் சத்தம் இறங்கினால் அந்த மெஷின் வேண்டாம்.

அடுத்து, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜை, சக் மாட்டும் தண்டான ஸ்பிண்டிலின் உள் டேப்பரில் (கூம்புத் துளையில்) வைத்து, சுழலும்போது எவ்வளவு ஆட்டம் (ரன் அவுட்) என்று பாருங்கள். சக்கில் பார்த்தால் ஸ்பிண்டிலின் குறையும் சக்கின் குறையும் கலந்து காட்டும். பிறகு 25 மி.மீ. கம்பியைச் சக்கிலிருந்து 100 மி.மீ. வெளியே நீட்டி, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் துணையில்லாமல் மெல்லிய வெட்டில் கடைந்து இரு முனையையும் மைக்ரோமீட்டரில் அளக்கவும். 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். உங்கள் சிலிண்டர் இதில் பாதி நீளம்கூட இராது. வித்தியாசம் 0.02-க்கு மேல் போனால் ஹெட்ஸ்டாக் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டியிருக்கும். வேலை தெரிந்தவருக்கு அது ஒரு மாலை நேர வேலை. புதிதாகத் தொடங்குபவருக்குத் தலைவலி.

மெஷின் விலையோடு பணத்தைத் தீர்த்துவிடாதீர்கள். ஒவ்வொரு தாடையும் தனித்தனியே நகரும் நாலு ஜா சக் கட்டாயம் வேண்டும். கோணல்மாணலான சிலிண்டர் வார்ப்பைப் பிடிக்கவும், வால்வை இயக்கும் எக்சென்ட்ரிக்கை மையம் தள்ளிக் கடையவும் மூணு ஜா சக் உதவாது. துளையைக் கடையும் போரிங் பார், காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜ், டூல் தீட்ட ஒரு பெஞ்ச் கிரைண்டர் என்று பட்டியல் நீளும். டூலைச் சட்டென்று மாற்ற உதவும் குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.