250 ராண்ட் சலுகை அட்டை: வாங்கும் முன் பழைய ரசீதுகளைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கிறோம். அக்கம்பக்கத்துச் சிறு கடைகளுக்கு ஆதரவு திரட்டும் ஒரு குழுவினர், ஆண்டுக்கு 250 ராண்ட் விலையுள்ள சலுகை அட்டையை வீடு வீடாக விற்கிறார்கள். மளிகை, துணி, தையல், முடிதிருத்தகம் என சுமார் 30 கடைகளில் 10 விழுக்காடு தள்ளுபடி கிடைக்குமாம். கணவரின் ஓய்வூதியத்தில்தான் குடும்பம் நடக்கிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். 10 விழுக்காட்டுத் தள்ளுபடியில் 250 ராண்ட் திரும்பி வருவதற்கே, அந்தக் கடைகளில் நீங்கள் ஆண்டுக்கு 2,500 ராண்டுக்குப் பொருள் வாங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் வாங்குவதில்தான் லாபம் தொடங்குகிறது. இந்த 2,500 ராண்டில், அட்டை இல்லாவிட்டாலும் நீங்கள் எப்படியும் செலவழிக்கவிருந்த தொகையை மட்டுமே சேர்க்க வேண்டும். தள்ளுபடி கிடைக்கிறதே என்பதற்காக எடுக்கும் புடவையில் மிச்சம் எதுவும் இல்லை, செலவுதான் உண்டு.

ஆகவே பட்டியலில் எத்தனை கடைகள் என்று எண்ணுவதை விட்டு, கடந்த 3 மாத ரசீதுகளை எடுத்து, அந்தக் கடைகளில் வாங்கியதை மட்டும் கூட்டி, 4 ஆல் பெருக்கிப் பாருங்கள். தீபாவளித் துணிச்செலவைத் தனியே சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் சந்தையில் வாங்கும் காய்கறி, அந்த வியாபாரிகள் பட்டியலில் இருந்தாலொழிய, கணக்கில் வராது. அந்த ஆண்டுத் தொகை 2,500 ராண்டுக்கு, அதாவது மாதம் சுமார் 210 ராண்டுக்கு, குறைவாக வந்தால் அட்டை உங்களுக்கு நட்டம்.

விதிவிலக்குகளையும் கேட்டறியுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் போன்றவற்றில் கடைக்காரருக்குக் கிடைப்பது சொற்ப லாபமே என்பதால், அவற்றைத் தள்ளுபடியிலிருந்து விலக்கிவிடும் கடைகள் உண்டு. ஓய்வூதியக் குடும்பத்தின் மளிகைச் செலவிலோ பெரும்பகுதி அவைதான். கடைக்காரரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள்: 75 ராண்டுக்கு வாங்கியதை 100 ராண்டுக்கு விற்பவர் 10 ராண்டைத் தள்ளினால், அவருடைய 25 ராண்ட் லாபம் 15 ஆகிவிடுகிறது. அட்டையால் புதிய வாடிக்கையாளர்கள் வந்தால் அவருக்கு அது ஈடாகும். ஏற்கெனவே வாரந்தோறும் வருகிற உங்களால் அவருக்கு இழப்பே. அவருக்கு உதவ வேண்டும் என்பதே உங்கள் விருப்பமானால், அட்டை இல்லாமல் முழு விலை கொடுத்து வாங்குவதே பெரிய உதவி என்பது என் கருத்து.

வாசலில் வந்து விற்றவரிடம் அவசரத்தில் வாங்கிவிட்டாலும் கவலை வேண்டாம். நேரடி விற்பனையில் வாங்கியதை, காரணம் சொல்லாமலே, 5 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. எனவே விற்பவரின் பெயரும் முகவரியும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். முன்பணம் செலுத்தி வாங்கும் பரிசு அட்டைக்கு அதே சட்டம் தரும் 3 ஆண்டு செல்லுபடிக் காலத்தை இந்தச் சலுகை அட்டையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அட்டையில் அச்சிட்டுள்ள தேதியைப் பாருங்கள். அது டிசம்பரோடு முடிவதானால், ஆண்டின் நடுவில் முழு விலை கொடுப்பது வீண். மீதமுள்ள மாதங்களுக்கு ஏற்ப விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையேல் ஜனவரி வரை பொறுத்திருங்கள்.