காப்பித் தோட்டத்துக்குத் திரும்ப நினைக்கும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா,

தாண்டிக்குடியிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மகள் பி.எஸ்சி. தாவரவியல் கடைசி வருஷம். முடித்ததும் ஊருக்கு வந்து மூன்று ஏக்கர் காப்பியைத் தானே பார்த்துக்கொள்வேன் என்கிறாள். "அட்டைக்கடியில நாங்க பட்டது போதாதா, இவளும் படணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் வருவதில் தப்பில்லை. பரீட்சை முடிந்த கையோடு வர வேண்டாம், ஒரு வருஷம் போகட்டும்.

மத்திய அரசின் காப்பி வாரியம் பெங்களூருவில் காப்பித் தர மேலாண்மைக்கு ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. தாவரவியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். நேர்காணலோடு, நாக்கு எவ்வளவு நுட்பமாகச் சுவை பிரிக்கிறது என்றும் சோதிப்பார்கள். சிக்மகளூர்ப் பக்கம் பாலெஹொன்னூரில் 1925இல் தொடங்கிய மத்திய காப்பி ஆராய்ச்சி நிலையத்திலும் பயிற்சி உண்டு. கட்டணத்தையும் தேதியையும் அந்தந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இதை முடித்தவர்களுக்கு வறுக்கும் நிறுவனம், ஏற்றுமதி நிறுவனம், சுத்திகரிப்பு ஆலை என்று வெளியிலும் வேலை இருக்கிறது. நாளைக்குத் தோட்டம் கைகொடுக்காவிட்டாலும் அவள் கையில் ஒரு தொழில் இருக்கும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். மூன்று ஏக்கர் காப்பி மட்டும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது, உண்மைதான். ஐந்தாறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ காப்பிக்கொட்டை தேறும். அராபிகா ரகக் காப்பியின் விலையோ நியூயார்க் சந்தையைப் பார்த்து ஏறி இறங்குகிறது. ஆனால் உங்கள் தோட்டத்தில் காப்பி மட்டுமா நிற்கிறது? சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, நடுவில் பலா, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், ஓரத்தில் மலைவாழை. காப்பி விலை விழுந்த வருஷம் மிளகை விற்றுத்தான் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிழலுக்கு நின்ற மரங்கள்தான் அன்றைக்கு உங்களைத் தாங்கியிருக்கின்றன.

அந்த நிழலைக் கையாளப் படித்தவள் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், பணமுடையில் நிழல் மரங்களை ஒரே மூச்சில் வெட்டி விற்றார்கள். இரண்டு வருஷம் கழித்துப் போனேன். செடிகள் மஞ்சளித்து நின்றன. தண்டில் பட்டைக்கடியில் நரம்பு புடைத்த மாதிரி மேடுகள். தோட்டக்காரர் ஒன்றை வெட்டிப் பிளந்து காட்டினார். உள்ளே பொடி அடைத்த சுரங்கம், அதில் வெளுத்த புழு. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டின் புழு அது. வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில்தான் அந்த வண்டு விரும்பி முட்டையிடும். பிடுங்கி எரித்துவிட்டுப் புதுக் கன்று வைத்தார். அது காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அந்த மனிதரின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நிழல் அதிகமானாலும் பூ குறையும், ஈரம் தங்கி நோய் வரும். மழைக்கு முன்னால் எந்தக் கிளையைக் கழிப்பது, எதை விடுவது என்று ஆளுக்கு நின்று சொல்வீர்களே, அந்த அறிவுக்கு எந்தக் கல்லூரியிலும் பாடப் புத்தகம் கிடையாது. மகளைப் பக்கத்தில் நிறுத்தி நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் முழுத் தோட்டத்தையும் ஒப்படைக்க வேண்டாம். அரை ஏக்கர் கொடுங்கள். கனிந்த பழத்தை மட்டும் பறித்து, தனியாகப் பதப்படுத்தி, தானே சுவைத்துப் பார்த்து விற்கட்டும். இரண்டு பருவத்துக் கணக்கு உங்கள் முன்னால் இருக்கட்டும். ஆள் கிடைக்காத கஷ்டமும் அவளுக்கு அப்போது தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறது? பத்து வருஷம் அவள் உழைத்த பிறகு, தோட்டம் தம்பிக்குத்தான் என்று பேச்சு வந்தால் அந்தப் பெண் எங்கே போவாள்? கடனுக்கும் மானியத்துக்கும் போனால் முதலில் பட்டாவைத்தான் கேட்பார்கள். அவள் பங்கு எது என்று அப்பாவையும் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசி, எழுதி வையுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். இருந்தாலும் அவள் பெங்களூரு பஸ் ஏறுவதற்கு முன்னால் பேசிவிடுங்கள். தம்பி பிளஸ் ஒன்னில் உயிரியல் படிக்கிறான் என்றீர்கள். அவனுக்கும் ஆசை இருந்தால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது.

உங்கள் ஊரிலேயே காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வழியில் தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையமும் இருக்கிறது. அடுத்த லீவுக்கு மகள் வரும்போது இரண்டுக்கும் கூட்டிப் போங்கள். நீங்களும் உள்ளே போங்கள், வாசலில் நின்றுவிடாதீர்கள்.