47 ரோனின்: 1702 டிசம்பரா, 1703 ஜனவரியா?

47 ரோனின் (தலைவனை இழந்த சாமுராய்கள்) தங்கள் தலைவர் அசானோவுக்காகப் பழிவாங்கிய தாக்குதலுக்கு 1703 ஜனவரி என்றே போடுங்கள். ஒரு நூல் 1702 டிசம்பர் 14 என்கிறது, இன்னொன்று 1703 ஜனவரி 30 என்கிறது, எது தவறு என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஒரே இரவுதான்.

எடோவில் (இன்றைய டோக்கியோ) இருந்த எதிரி கிராவின் மாளிகைக்குள் ரோனின்களின் தலைவர் ஓயிஷியின் ஆட்கள் புகுந்தது கென்ரோகு என்ற ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் 15ஆம் ஆண்டு, 12ஆம் மாதம், 14ஆம் நாள். ஜப்பானில் அப்போது சந்திர மாதங்களைக் கொண்ட நாட்காட்டி. ஆண்டை மட்டும் 1702 என்று மாற்றிவிட்டு, 12ஆம் மாதத்தை 'டிசம்பர்' என்று எழுதிவிடுகிறார்கள். பிழை அங்கேதான். ரோனின்களின் கல்லறைகள் உள்ள செங்காகுஜி கோயிலில் இன்றும் டிசம்பர் 14இல் நினைவு விழா நடப்பதால் குழப்பம் தீர்வதே இல்லை.

சரிபார்க்க எளிய வழி: சந்திர மாதத்தின் 14ஆம் நாள் என்றால் பௌர்ணமியை ஒட்டிய இரவு. நீங்கள் எழுதும் தேதி அப்படி அமைகிறதா என்று பாருங்கள்.

பழிக்குக் காரணமான சம்பவத்துக்கும் தாக்குதலுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடும்போதும் கவனம். அசானோ எடோ கோட்டைக்குள் கிராவை வெட்டிக் காயப்படுத்தியது கென்ரோகு 14, 3ஆம் மாதம் 14, அதாவது 1701 ஏப்ரல் 21. மாத எண்களைக் கழித்தால் 21 மாதம் வரும். ஆனால் கென்ரோகு 15இல் ஓர் அதிக மாதம் (எட்டாம் மாதம் இரண்டு முறை) உண்டு, ஆகவே 22.

ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து ஜப்பானில் விடியலில்தான் நாள் மாறும். தாக்குதல் நடந்தது விடியலுக்கு முந்தைய இருட்டில். நள்ளிரவுக் கணக்குப்படி அது ஜனவரி 31. அதனால் 30, 31 இரண்டையும் பார்ப்பீர்கள்; அடித்துத் திருத்த வேண்டாம்.