பிடிஎஃப் ஸ்கிரிப்ட் மக்கர் செய்தால்: கேள்வி பதில்

பிடிஎஃப் வேலைகளை ஸ்கிரிப்டிடம் ஒப்படைத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்களின் கேள்விகள் கீழே. பெரும்பாலும் பைதான் மொழியில் எழுதியவை, ஒன்று மட்டும் அடோபியின் அக்ரோபேட் மென்பொருளில்.

சார், பழைய ஸ்கிரிப்டைப் புதுக் கணினியில் ஓட்டினால் 'பிடிஎஃப்ஃபைல்ரீடர் நீக்கப்பட்டது' என்று நிற்கிறது. நான் எதையும் மாற்றவில்லை.

நீங்கள் மாற்றவில்லை, நூலகம் (உங்கள் ஸ்கிரிப்ட் பயன்படுத்தும் ஆயத்தக் கட்டளைத் தொகுப்பு) மாறிவிட்டது. பைபிடிஎஃப்2 என்ற அந்த நூலகத்தின் 3.0 பதிப்பில் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது பிடிஎஃப்ரீடர், பிடிஎஃப்ரைட்டர்தான். அந்த நூலகமே பைபிடிஎஃப் என்ற பெயரில்தான் தொடர்கிறது; அதற்கே மாறிவிடுங்கள். இன்று மாலைக்குள் வேலை முடிந்தாக வேண்டுமென்றால், 3-க்கு முந்தைய பதிப்பை நிறுவி ஓட்டிக்கொள்ளலாம்.

எல்லாப் பக்கத்திலும் மேல் வலது மூலையில் 'நகல்' என்று முத்திரை போடுகிறேன். சில பக்கங்களில் படுத்துக் கிடக்கிறது, சிலவற்றில் காணவே இல்லை.

படுத்துக் கிடப்பவை ஸ்கேனரிலிருந்து வந்த பக்கங்களாக இருக்கும். கோப்புக்குள் பக்கம் படுத்த நிலையிலேயே இருக்கிறது. கூடவே '90 டிகிரி திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பு. திரையில் காட்டும் மென்பொருள் அந்தக் குறிப்பை மதிக்கிறது. உங்கள் ஸ்கிரிப்டோ திருப்பாத பக்கத்தில் எழுதிவிடுகிறது. ஒவ்வொரு பக்கத்தின் ரொட்டேஷன் மதிப்பையும் அச்சிட்டுப் பாருங்கள், 0 இல்லாதவைதான் குற்றவாளிகள். முத்திரை போடும் முன் பைபிடிஎஃப்பில் டிரான்ஸ்ஃபர்_ரொட்டேஷன்_டு_கன்டென்ட், பைமியூபிடிஎஃப் என்ற இன்னொரு நூலகத்தில் ரிமூவ்_ரொட்டேஷன் அழைத்தால் திருப்பம் உள்ளடக்கத்திலேயே கலந்துவிடும்.

காணாமல் போனவற்றுக்கு, பக்கத்தின் எல்லைகளைச் சொல்லும் மீடியாபாக்ஸைப் பாருங்கள். ஏ4 என்றால் 0, 0, 595, 842 என்று வரும் என நம்பி எழுதியிருப்பீர்கள். ஆனால் பக்கம் 0-இல்தான் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இடது, கீழ் எல்லை மதிப்புகளைக் கூட்டியே இடத்தைக் கணக்கிடுங்கள். கிராப்பாக்ஸ் வேறாக இருந்தால் அதை வைத்துக் கணக்கிடுங்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதான். அப்புறம் இன்னொன்று: பிடிஎஃப்பில் கணக்கு கீழ் இடது மூலையில் தொடங்கும், பைமியூபிடிஎஃப்பில் மேல் இடது மூலையில். ஒன்றுக்கு எழுதிய எண்களை மற்றதில் ஒட்டினால் தலைப்பு அடிக்குறிப்பாகிவிடும்.

அண்ணா, 1, 2, 3 என்று பெயரிட்ட கோப்புகளைச் சேர்த்தால் 1-க்குப் பிறகு 10 வருகிறது.

பெயரை எழுத்தாக வரிசைப்படுத்துகிறது, எண்ணாக அல்ல. 001, 002 என்று பெயரிடுங்கள். இல்லையென்றால் எண்ணைப் பிரித்தெடுத்து அதை வைத்து வரிசைப்படுத்துங்கள்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டால் ஒன்றும் நடப்பதில்லை, பிழையும் காட்டுவதில்லை.

ஷெட்யூலர் உங்கள் ஃபோல்டரில் இருந்துகொண்டு ஓட்டுவதில்லை; பெரும்பாலும் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் நிற்கும். ஸ்கிரிப்டில் முழுப் பாதையைக் கொடுங்கள், 'ஸ்டார்ட் இன்' பெட்டியையும் நிரப்புங்கள். இசட் டிரைவ் மாதிரி நெட்வொர்க்கில் இணைத்த டிரைவ்கள், நீங்கள் லாகின் செய்யாதபோது இருக்காது. சர்வர் பெயரோடு தொடங்கும் பாதைதான் வேலைக்கு ஆகும். பிழையை ஒரு லாக் கோப்பில் எழுத வையுங்கள். அதில் 'பெர்மிஷன் டினைட்' என்று இருந்தால், எழுத வேண்டிய கோப்பை யாரோ அக்ரோபேட்டில் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம்.

அக்ரோபேட் ஜாவாஸ்கிரிப்டில் கோப்பைச் சேமிக்கும் சேவ்ஆஸ் கட்டளை, கன்சோலில் தட்டினால் ஓடுகிறது. படிவத்தின் பட்டனில் வைத்தால் பாதுகாப்புப் பிழை.

அது பழுதல்ல, பூட்டு. யாரோ அனுப்பிய பிடிஎஃப் உங்கள் டிஸ்க்கில் தன்னிஷ்டத்துக்கு எழுதக் கூடாதல்லவா? கட்டளையை டிரஸ்டட்ஃபங்ஷனாக (அக்ரோபேட் நம்பும் கட்டளையாக) அக்ரோபேட்டின் ஜாவாஸ்கிரிப்ட் ஃபோல்டரில் வைத்து, அக்ரோபேட்டை மூடித் திறந்து, பட்டனிலிருந்து அதை அழையுங்கள்.

சான்றிதழில் பெயர் அச்சிடும்போது 'கெ', 'கே' எல்லாம் உடைகின்றன. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஃபான்ட் மாற்றியும் பயனில்லை.

ஃபான்ட் மீது குற்றமில்லை. யூனிகோடில் முதலில் 'க', பிறகுதான் கொம்பு சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது ஷேப்பிங் இன்ஜினின் வேலை. நீங்கள் அழைக்கும் கட்டளை அந்த இன்ஜினைத் தொடாமல், வந்த வரிசையிலேயே எழுத்துகளை அடுக்குகிறது. எஃப்பிடிஎஃப்2 நூலகம் என்றால், ஷேப்பிங் செய்யும் யூஹார்ஃப்பஸ்ஸையும் நிறுவி செட்_டெக்ஸ்ட்_ஷேப்பிங்கை இயக்குங்கள். பைமியூபிடிஎஃப் என்றால் இன்சர்ட்_டெக்ஸ்ட் வேண்டாம், இன்சர்ட்_எச்டிஎம்எல்பாக்ஸ் பயன்படுத்துங்கள். சிலர் கொம்பைக் கையால் முன்னே நகர்த்திச் சமாளிக்கிறார்கள். பார்க்கச் சரியாக இருக்கும். அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. அந்த வழிக்கே போகாதீர்கள்.

ஆதார் எண்களின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து வெளியே அனுப்புகிறோம். இது போதும்தானே?

போதவே போதாது. கட்டத்துக்கு அடியில் 12 இலக்கமும் அப்படியே இருக்கின்றன. மவுஸால் இழுத்து நகலெடுத்தால் வந்துவிடும். பைமியூபிடிஎஃப்பில் ஆட்_ரெடாக்ட்_அனாட் போட்டு, பிறகு அப்ளை_ரெடாக்‌ஷன்ஸ் அழைத்தால்தான் எழுத்து நீங்கும். இரண்டாவதை மறந்தால் குறியிட்டது மட்டுமே மிச்சம். சேமிக்கும்போது புதுக் கோப்பாகச் சேமியுங்கள். மாற்றங்களை மட்டும் பழைய கோப்பின் கடைசியில் சேர்க்கும் இன்கிரிமென்டல் முறையில் சேமித்தால் பழைய உள்ளடக்கம் கோப்புக்குள்ளேயே தங்கிவிடும். அனுப்பும் முன் பிடிஎஃப்டுடெக்ஸ்ட் என்ற கருவி கொண்டு எழுத்தைப் பிரித்தெடுத்து அந்த எண்ணைத் தேடுங்கள், கிடைத்தால் அனுப்பாதீர்கள். ஸ்கேன் செய்த பக்கத்தில் எண் படமாகவும் இருக்கும், இந்தத் தேடலில் சிக்காது. அதைத் திறந்து கண்ணாலும் பார்த்துவிடுங்கள்.