ஏப்ரல் கடைசியில் லேக் பவலில் மீன் எங்கே, எந்த ஆழத்தில் கிடைக்கும்?

கேள்வி: யூட்டா–அரிசோனா எல்லையிலுள்ள லேக் பவலுக்கு ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் போகிறோம். வாடகைப் படகு, சாதாரண தூண்டில். என்ன மீன், எங்கே தேடுவது?

நாட்காட்டியை விடுங்கள், தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். ஒரே நாளில் நடு வாய்க்கால் (ஏரியின் ஆழமான நடுப்பகுதி) 54 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (12 செல்சியஸ்) இருக்கும். வெயில் விழும் ஒரு குடாவின் கடைக்கோடி, மதியம் 3 மணிக்கு 60-ஐத் தொட்டுவிடும். அந்த ஐந்தாறு டிகிரிக்காகத்தான் மீன் இடம் மாறுகிறது. படகிலுள்ள மீன்காட்டிக் கருவியில் வெப்பநிலை தெரியும். இல்லையென்றால் நூலில் கட்டிய சமையல் வெப்பமானி போதும். அதனால் விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டிய அவசியம் இந்தப் பருவத்தில் இல்லை. மதியத்துக்குப் பிறகுதான் ஆழமில்லாத இடங்களில் கடி கூடும்.

ஸ்மால்மவுத் பாஸ் மீன் 60 டிகிரியை ஒட்டி முட்டையிடத் தொடங்கும். கூழாங்கல் அல்லது சரளைத் தரை, பக்கத்தில் ஒரு பெரிய பாறை, 3 முதல் 15 அடி ஆழம்: இப்படி ஓர் இடம் தெரிந்தால் நிறுத்துங்கள். செங்குத்தாக இறங்கும் மணற்கல் சுவரில் அதைத் தேடுவது வீண். சரிந்து உடைந்த கல் குவியலே அதன் வீடு. 6–8 பவுண்டு தாங்கும் நரம்பு (தூண்டில் நூல்), கால் அவுன்ஸ் ஜிக் தலை (ஈயக் குண்டு பதித்த முள்), பச்சை அல்லது புகை நிறத்தில் 3 அங்குல ரப்பர் புழு. தரையைத் தொடும்வரை விட்டு, மெதுவாக இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுங்கள். இங்கே பலரும் செய்யும் தவறு வேகம். குளிர்ந்த நீரில் மீன் துரத்தி வராது, வாய்க்கு முன்னால் கிடப்பதைத்தான் எடுக்கும்.

குவாகா சிப்பி பாறையெல்லாம் அப்பிக் கிடக்கிறது. அதன் விளிம்பு பிளேடு மாதிரி. நாலைந்து மீனுக்கு ஒருமுறை கடைசி மூன்றடி நரம்பை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி முடிச்சுப் போடுங்கள். நல்ல மீன் போவது பெரும்பாலும் அந்தச் சோம்பேறித்தனத்தால்தான்.

இன்னொரு மீனான ஸ்ட்ரைப்டு பாஸுக்கு இரை நம்ம ஊர் நெத்திலியின் சொந்தக்காரன்: உறையவைத்த ஆன்சோவி. படகுத்துறைக் கடைகளில் பையாகக் கிடைக்கும். ஒன்றை மூன்று துண்டாக்கி, ஒரு துண்டை ஜிக் முள்ளில் கோத்து, கேன்யனின் (செங்குத்துப் பள்ளத்தாக்கின்) வாய் நடு வாய்க்காலோடு சேரும் மூக்கிலோ சுவர் ஓரத்திலோ 30–60 அடி வரை இறக்குங்கள். கூடவே ஒரு கைப்பிடி துண்டுகளைத் தூவுங்கள். வாவீப் பகுதி, அணைக்கு முன்னுள்ள மிதவைத் தடுப்பின் பக்கம், நவாஹோ கேன்யன் எல்லாம் பழகிய இடங்கள். பதினைந்து நிமிடம் கடி இல்லையா, நகர்ந்துவிடுங்கள். ஒன்று மாட்டினால் உடனே தூக்கிவிடாமல், கூட வந்தவர் தூண்டில் போடும்வரை அதை நீரில் வைத்திருங்கள்; கூட்டம் அதன் பின்னாலேயே வரும். இந்த மீனுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. பெருகினால் தனக்கு இரையான ஷாட் மீன்களைத் தின்று தீர்த்துவிட்டுத் தானும் மெலிந்துபோகும் என்பதால், பிடித்ததை எடுத்துச் செல்லவே சொல்கிறார்கள்.

குளிர்காற்று முகம் (திடீரென்று குளிரும் காற்றும் கொண்டுவரும் வானிலை மாற்றம்) ஒன்று வந்துபோனால் இரண்டு நாள் எல்லாம் மாறும். கரையோர மீன் 15–20 அடிக்கு இறங்கிவிடும்; நீங்களும் இறக்குங்கள். அந்த நாளின் காற்றுதான் உண்மையான ஆபத்து. செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே அலை மோதித் திரும்பி மறு அலையோடு முட்டும், ஒதுங்கக் கரையே இருக்காது. மதியத்துக்குமேல் பலத்த காற்று என்று வானிலை சொன்னால் வாய்க்காலைத் தாண்டாமல் குடாவுக்குள்ளேயே இருங்கள். அதிலும் ஒரு லாபம் உண்டு: அலை அடித்த மண்கரையில் கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டில் மீன் பதுங்கி நிற்கும்.

நீர்மட்டம் பொதுவாக ஏப்ரல் வாக்கில் ஆண்டின் அடிமட்டத்தில் இருக்கும். மே நடுவிலிருந்து பனி உருகி ஏறும். 2023 ஏப்ரலில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,520 அடியில் கிடந்த ஏரி, ஜூலைக்குள் 60 அடிக்குமேல் உயர்ந்தது (முழுதாக நிறைந்தால் 3,700 அடி). ஆகவே போன வருட வரைபடத்தை நம்பாதீர்கள், எந்தப் படகு இறங்குதளம் திறந்திருக்கிறது என்று கிளம்பும் அன்று பாருங்கள். வடக்கே ஹைட் பக்கம் புதுவெள்ளம் வந்தால் காபி நிறம்தான். தெற்கே தெளிவாக இருக்கும்.

சமைக்க எடுப்பதானால் ஸ்ட்ரைப்டு பாஸைப் பிடித்தவுடனே செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு ஐஸில் போடுங்கள். பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையைச் செதுக்கி எறிந்துவிட்டால் கவிச்சி பெரும்பாலும் போய்விடும். தெற்குப் பகுதி மீனுக்குப் பாதரச எச்சரிக்கை உண்டு, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவு பார்த்துக் கொடுங்கள்.

சொந்தப் படகு கொண்டுபோகிறவர்கள் வெளியேறும்போது வடிகால் அடைப்பைக் கழற்றி எல்லா நீரையும் வடிக்க வேண்டும். குவாகா சிப்பி பரவாமலிருக்க, வேறு ஏரியில் இறக்குவதற்கு முன் யூட்டா கேட்கும் நாள் கணக்குக்குப் படகைக் காயவைக்க வேண்டும்.