அந்த வாழைப்பழம் என்ன ஆயிற்று?

சார், வணக்கம். மினியாபொலிஸில் வேலை பார்க்கிறேன். போன ஞாயிறு சீடர்-ரிவர்சைட் பக்கம் ஒரு சின்ன சோமாலிக் கடைக்குக் குடும்பத்தோடு போனோம். அம்மா சமைக்க, மகன் பரிமாறுகிறான். சாப்பாடு வர முக்கால் மணி நேரம். ஆட்டுக்கறிச் சோற்றுத் தட்டிலேயே, தோல்கூட உரிக்காமல் ஒரு வாழைப்பழம்! என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கூகுளில் மூன்று நட்சத்திரம் போட்டேன். மனைவிக்குக் கோபம். நமக்குப் பழக்கமில்லாத சாப்பாட்டுக்கு நாம் மதிப்பெண் போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நட்சத்திரமெல்லாம் உங்கள் இஷ்டம். ஒருத்தர் சமைக்கிற அடுக்களையில் முக்கால் மணி நேரம் ஆகத்தான் செய்யும், அதையும் விடுங்கள். அந்தப் பழத்தை என்ன செய்தீர்கள்? கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். மகள் சிரித்தது இருக்கிறது, பழம் என்ன ஆயிற்று என்று இல்லை.

சில வருடங்களுக்கு முன் உங்கள் ஊருக்கு வந்திருந்தபோது நண்பர் ஒருவர் அப்படியொரு கடைக்குக் கூட்டிப்போனார். வெளியே நல்ல பனி. முதலில் எலும்பு சூப். அப்புறம் பரீஸ் என்கிற சோறு, ஏலமும் சீரகமும் மணக்க. மேலே கறி, ஓரத்தில் பழம். பந்தியில் பழத்தைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்தே வளர்ந்தவன் நான். எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். கடைக்கார அம்மா வந்து தட்டைப் பார்த்தார். பையன் பழம் வைக்க மறந்துவிட்டான் என்று நினைத்து அவனைச் சத்தம் போட்டார். இன்னொன்று வந்தது. நான் திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவரே அதை உரித்து, துண்டு துண்டாகக் கிள்ளி, சோற்றோடு சேர்த்துப் பிடி என்று கையால் காட்டினார். மேலே பஸ்பாஸ் என்கிற பச்சை மிளகாய்ச் சட்னி.

நண்பர் விளக்கம் சொன்னார்: சோமாலியாவை ஆண்ட இத்தாலிக்காரன் அங்கே வாழைத்தோட்டம் போட்டதால் வந்த பழக்கமாம். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஷபெல்லே ஆற்றங்கரையில் அவர்கள் தோட்டம் போட்டது உண்மை, அங்குள்ளவர்களிடம் கட்டாய வேலை வாங்கியதும் உண்மை. ஸ்பகெட்டி அவர்கள் விட்டுப்போனது, சரி. ஆனால் 1331-இல் சோமாலியாவின் மொகதிஷு துறைமுகத்துக்குப் போன மொராக்கோ யாத்ரிகர் இப்ன் பதூதா (பிற்பாடு நம் மதுரைக்கும் வந்தவர்) தனக்குப் போட்ட சாப்பாட்டை எழுதி வைத்திருக்கிறார்: நெய்ச்சோறு, கறி, மீன், பாலில் வேகவைத்த வாழைக்காய், எலுமிச்சை ஊறுகாய், பச்சை இஞ்சி, மாங்காய். அப்போது இத்தாலி என்று ஒரு நாடே கிடையாது! சோற்றுக்கு வாழையைத் துணை வைக்க சோமாலிக்காரர்களுக்கு ஒருவன் கப்பலேறி வந்து சொல்லித்தர வேண்டுமா?

உங்கள் மகள் சிரித்ததில் தப்பில்லை, குழந்தை. நாஞ்சில் நாட்டுக் கல்யாணத்தில் பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் பிசைகிறோமே, அதைப் பார்த்தால் அந்தப் பையனும் சிரிப்பான். நீங்கள் அப்படியா? பாதித் தட்டைத் தொடாமல் மார்க் போட்டிருக்கிறீர்கள்.

அடுத்த முறை மகளையே உரிக்கச் சொல்லுங்கள். பஸ்பாஸை மட்டும் முதலில் விரல்நுனியால் தொட்டுப் பார்க்கட்டும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோட்டுப் பையில் இருந்த பழம் மறுநாள் காலை கறுத்துப் போயிருந்தது. அதையும் தின்றேன்.